அட்டையில் இருக்கும் ‘ஓ’ மட்டும் போதுமா? அரிய ரத்த வகைகளும் பாதுகாப்பான ரத்தமேற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்த வங்கியின் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகச் சோதனைக் குழாய்களோடு இருப்பவள் நான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நோயாளிகளின் உறவினர்கள் கேட்கும் கேள்விகள்தான் இவை. வேலை நெருக்கடியில் ஒற்றை வரியில் பதில் சொல்லி அனுப்பிய நாள்கள் உண்டு. அவர்கள் முகங்கள் இன்னும் நினைவில் இருப்பதால், இங்கே நிதானமாக எழுதுகிறேன். உங்கள் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

என் அடையாள அட்டையில் ‘ஓ பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. ரத்தம் தேவைப்படும்போது அதைச் சொன்னால் போதாதா?

போதாது. அந்த அட்டையை மட்டும் பார்த்து யாரும் ரத்தம் ஏற்றக் கூடாது. அதில் இருப்பது இரண்டே கேள்விகளுக்கான விடை. சிவப்பணுக்களின் மேல் ஏ, பி என்ற அடையாளங்கள் உண்டா? ஆர்எச் டி என்ற அடையாளம் உண்டா? (இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ்.) இந்த அடையாளங்களை ஆன்டிஜென் என்கிறோம். சர்க்கரையாலோ புரதத்தாலோ ஆனவை அவை.

ஏ, பி, ஓ பாகுபாட்டை கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901ல் வெளியிட்டார். 1930ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூன் 14ஐத்தான் உலக ரத்த தான நாளாகக் கொண்டாடுகிறோம். ஆர்எச் 1940ல் வந்தது. அத்தோடு கதை முடிந்துவிடவில்லை. இன்று 45க்கும் மேற்பட்ட ரத்த வகை அமைப்புகளும் அவற்றில் 350க்கும் மேற்பட்ட ஆன்டிஜென்களும் அங்கீகரிக்கப்பட்டிருக்கின்றன. கெல், டஃபி, கிட், லூத்தரன், இந்தியன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இவற்றில் எதுவும் உங்கள் அட்டையில் இல்லை.

பெரும்பாலானவர்களுக்கு இவற்றைப் பற்றிக் கவலைப்படத் தேவையே வராது. அந்நிய ஆன்டிஜென்களைத் தாக்க உடல் உருவாக்கும் புரதங்களை எதிர்ப்பொருள் என்கிறோம். நம்மிடம் இல்லாத ஏ, பி ஆன்டிஜென்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பிறந்த சில மாதங்களிலேயே தாமாக உருவாகிவிடும்; மற்றவற்றுக்கு எதிரானவை பெரும்பாலும் ரத்தம் ஏற்றிய பிறகோ கர்ப்பத்துக்குப் பிறகோதான் உருவாகும். முதல் முறை சிக்கலில்லாமல் ரத்தம் ஏறியவருக்கு மூன்றாம் முறை சிக்கல் வருவது இதனால்தான்.

‘அரிய ரத்தம்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? ஓ நெகட்டிவ் அதில் சேருமா?

சேராது. ஓ நெகட்டிவ் தட்டுப்பாடான ரத்தம், தேடினால் கிடைக்கும். ரத்த வங்கிக்காரர்கள் அரியது என்று சொல்வது, பொதுவாக ஆயிரம் பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ இருப்பதை. ஊரில் எல்லோருக்கும் இருக்கும் ஓர் ஆன்டிஜென் ஒருவருக்கு மட்டும் இல்லாமல் போவதுதான் பெரும்பாலும் ‘அரியது’ ஆகிறது. அது இல்லாததால் அவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஓடுவார், உழைப்பார், பிள்ளை பெறுவார். ரத்தம் தேவைப்படும் நாளில்தான் அந்த இன்மை வெளியே வரும்.

அரியது என்பது மக்களுக்கு மக்கள் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். டஃபி ஆன்டிஜென்கள் இரண்டும் இல்லாத ரத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் சர்வ சாதாரணம். விவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைய டஃபிதான் வாசல். வாசல் இல்லாதவர்களுக்கு அந்த மலேரியாவிலிருந்து பெரும் பாதுகாப்பு உண்டு என்பது 1970களில் தெரியவந்தது. அதே ரத்தம் உலகின் வேறு பல பகுதிகளில் தேடியும் கிடைக்காதது.

சில புதிர்கள் அவிழ நீண்ட காலம் ஆகிறது. 1972ல் ஒரு கர்ப்பிணியின் ரத்தத்தில், மற்ற எல்லோருக்கும் இருந்த ஓர் ஆன்டிஜென் காணாமல் போயிருந்தது. அதற்குக் காரணமான மரபணுவை இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 2024ல்தான் உறுதி செய்தார்கள். மால் என்ற புதிய ரத்த வகை அமைப்பு அப்படிப் பிறந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மாதிரியைக் கைவிடாமல் துரத்தியவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பம்பாய் ரத்த வகை என்றால் என்ன?

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தவறாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்தான வகை இது.

சுவர் இருந்தால்தானே சித்திரம் வரைய முடியும்? சிவப்பணுவின் மேல் ஏ, பி என்ற சித்திரங்களுக்கும் ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவரின் பெயர் எச் ஆன்டிஜென். அதன் மேல் ஒரு சர்க்கரையைச் சேர்த்தால் ஏ, வேறொரு சர்க்கரையைச் சேர்த்தால் பி, இரண்டும் இருந்தால் ஏபி. எதையும் சேர்க்காமல் வெறும் சுவராக நின்றால் அதுதான் ஓ. ஆக, ஓ வகையினரிடம் எச் ஏராளமாக இருக்கிறது.

பம்பாய் வகையினரிடம் அந்தச் சுவரே இல்லை. எச்சை உருவாக்கும் மரபணு, தாயிடமிருந்து வந்ததும் தந்தையிடமிருந்து வந்ததும், இரண்டுமே வேலை செய்யவில்லை. எச் இல்லாததால் ஏ, பி எதுவும் ஏறவில்லை. சோதனையில் ஏயும் தெரியாது, பியும் தெரியாது. அவசரத்தில் பார்ப்பவர் ‘ஓ’ என்று எழுதிவிடுவார். தவறு அங்கேதான் தொடங்குகிறது. இவர்களின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், ஏ, பிக்கு எதிரான எதிர்ப்பொருள்களோடு எச்சுக்கு எதிரானதும் இருக்கிறது. உடல் வெப்பநிலையிலேயே வலுவாக வேலை செய்யக்கூடியது அது. எச் நிறைந்த ஓ ரத்தத்தை ஏற்றினால், ஏறிய சிவப்பணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடையும்.

1952ல் பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் ஒய்.எம்.பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் மூன்று பேரிடம் கண்ட இந்த விநோதத்தை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஊரின் பெயரே வகையின் பெயராயிற்று. இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கும், ஐரோப்பாவில் 10 லட்சம் பேரில் ஒருவருக்கும் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நெருங்கிய உறவுக்குள் திருமணங்கள் நடக்கும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடும்.

நானே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இரவுப் பணி. விடிந்தால் அறுவை சிகிச்சை என்றிருந்த ஒரு பெண்ணின் மாதிரி வந்தது. ஆன்டிஜென் இருந்தால் சோதனைத் திரவத்தில் செல்கள் கட்டியாகத் திரளும். ஏ குழாயிலும் திரளவில்லை, பி குழாயிலும் திரளவில்லை. ஓ பாசிட்டிவ் என்று எழுதத்தான் கை போயிற்று. ஆனால் அவருடைய பிளாஸ்மாவை ஓ செல்களோடு சேர்த்த குழாயைச் சுழற்றி எடுத்தபோது, அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் உறுதியாக உட்கார்ந்திருந்தது. பொருந்துகிற ரத்தமென்றால் மெல்ல ஆட்டியதும் அது புகைபோல் கரைந்து பரவும். இது பரவவில்லை, ஒரே துண்டாக எழும்பி மிதந்தது. குழாய் அழுக்கோ என்று மறுபடி செய்தேன். அதே பொத்தான். அடுத்த பை, அதற்கடுத்த பை, எல்லாவற்றிலும் அதே. அவருடைய சிவப்பணுவை அவருடைய பிளாஸ்மாவோடு சேர்த்த குழாயில் மட்டும் அழகாகக் கரைந்தது. கடைசியாக எச்சைக் கண்டறியும் சோதனை. உலெக்ஸ் என்ற முட்செடியின் விதையிலிருந்து எடுக்கும் திரவம் அது. எந்த ஓ ரத்தத்தையும் சட்டென்று திரட்டிவிடும். இவருடையதில் ஒரு துளி அசைவும் இல்லை. அறுவை சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டது. பொருந்தும் கொடையாளி கிடைத்த பின் நல்லபடியாக நடந்தது. ஓ செல்களோடு சேர்க்கும் அந்த ஒரு குழாயை வைக்காமல் விட்டிருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை உலுக்குகிறது.

பம்பாய் வகையினர் யாரிடமிருந்து ரத்தம் பெறலாம்? யாருக்குக் கொடுக்கலாம்?

சிவப்பணுக்களைப் பொறுத்தவரை பம்பாய் வகையினரிடமிருந்து மட்டுமே பெற வேண்டும். ஆர்எச்சும் பொருந்த வேண்டும். ‘எல்லோருக்கும் கொடுக்கலாம்’ என்று பெயர் பெற்ற ஓ நெகட்டிவ்கூட இவர்களுக்கு ஆகாது. பம்பாய் வகையினரின் சிவப்பணுக்களில் ஏ, பி, எச் மூன்றும் இல்லாததால் மற்ற வகையினருக்குக் கொடுக்க முடியும். ஆனால் அப்படிக் கொடுப்பது அநியாயமான வீண். அதை நம்பி இன்னொரு பம்பாய் நோயாளி எங்கோ காத்திருப்பார். அவர்களின் பிளாஸ்மாவை மற்றவர்களுக்கு ஏற்றக் கூடாது, அதில் எச்சுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறது.

பாரா பம்பாய் என்று ஒன்று சொன்னார்களே?

சிவப்பணுவின் மேல் எச் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்து, உமிழ்நீர் போன்ற சுரப்புகளில் மட்டும் இருந்தால் அது பாரா பம்பாய். சுரப்புகளில் எச்சை உருவாக்குவது வேறொரு மரபணு. இதில் பல நிலைகள் இருப்பதால் சிறப்பு ஆய்வகம்தான் முடிவு சொல்ல வேண்டும்.

நான் ஓ வகை, என் மனைவி ஏ வகை. எங்கள் குழந்தைக்கு ஏபி என்று வந்திருக்கிறது. இது எப்படிச் சாத்தியம்?

இந்தக் கேள்வியை எப்போதும் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள். இரண்டு அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் மனைவி இல்லாத நேரம் பார்த்து வருவார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, வீட்டில் ஒரு வார்த்தையும் பேசுவதற்கு முன் மூவருக்கும் மறுபடி சோதனை செய்யுங்கள் என்பதுதான். மிகப் பெரும்பாலும் ஏதோ ஓர் அறிக்கை தவறாக இருக்கும். சிசுக்களின் ஆன்டிஜென்கள் முழு வலுவோடு இருக்காது என்பதால் பிறந்த சில நாள்களில் செய்த சோதனையை இறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறுசோதனையிலும் அப்படியே வந்தால், அரிய வகைகளை நினைக்க வேண்டும். பம்பாய் வகைத் தந்தையிடம் பி மரபணு என்ற ஓவியர் இருக்கிறார். வரையச் சுவர் இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஓவியர் குழந்தைக்குப் போகிறார். தாயிடமிருந்து நல்ல சுவர் கிடைக்கிறது. குழந்தையில் பி தெரிகிறது. தந்தையின் அட்டையிலோ ‘ஓ’. குழந்தை அவருடையதுதான், அட்டைதான் தவறு. இதேபோல் சிஸ் ஏபி என்று ஒன்று உண்டு. அதில் ஏ, பி இரண்டும் ஒரே மரபணுவில் சேர்ந்திருக்கும். ஏபி வகைத் தாய்க்கு ஓ வகைக் குழந்தை பிறக்கக்கூடும். ஏ, பி, ஓ எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு பெண்ணைச் சந்தேகிப்பது பெரும் கொடுமை. தந்தைமையைச் சொல்லும் தகுதி அந்த எழுத்துகளுக்கு இல்லை.

என்னை ‘ஏ2’ என்றார்கள். ஏ வகையிலும் பிரிவா?

ஆம். ஏ1, ஏ2 என இரண்டு முக்கியப் பிரிவுகள். ஏ2வில் ஏ ஆன்டிஜென்கள் எண்ணிக்கையில் குறைவு, அமைப்பிலும் சற்று வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது எது தெரியுமா? நாம் நன்கறிந்த கொள்ளு. கொள்ளு விதையிலிருந்து எடுத்துத் தக்க அளவில் நீர்த்த சாறு ஏ1 செல்களைத் திரட்டும். ஏ2 செல்களை விட்டுவிடும். நவீனக் கருவிகள் வந்த பிறகும் இது ஆய்வகங்களில் இருக்கிறது.

ஏ2 உள்ளவர்களில் சிலருக்கும் ஏ2பி உள்ளவர்களில் இன்னும் கூடுதலானவர்களுக்கும் ஏ1க்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும். பெரும்பாலும் அது குளிரில் மட்டும் வேலை செய்வதால் தீங்கில்லை. உடல் வெப்பநிலையிலும் வேலை செய்தால் அவர்களுக்கு ஏ1 ரத்தம் கூடாது. ஏ2வைவிட வலு குறைந்த வேறு பிரிவுகளும் உண்டு. அவர்களில் சிலர் கொடையாளியாக வரும்போது ‘ஓ’ என்று தவறாகப் பதிவாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஓர் ஆய்வகத்தில் ‘பாசிட்டிவ்’, இன்னோர் ஆய்வகத்தில் ‘நெகட்டிவ்’. எதை நம்புவது?

இரண்டு பேரும் நேர்மையாகவே சோதித்திருக்கலாம். சிலருக்கு டி ஆன்டிஜென் மிகக் குறைவாக இருக்கும். அது வலு குறைந்த டி. சிலருக்கு டியின் அமைப்பில் ஒரு துண்டு இல்லாமல் இருக்கும். அது பகுதி டி. பயன்படுத்தும் திரவத்தையும் முறையையும் பொறுத்து முடிவு மாறுகிறது.

இப்படிப்பட்டவர் கொடையாளியாக வந்தால் அவருடைய பையில் பாசிட்டிவ் என்றே எழுத வேண்டும். டி சிறிதளவு இருந்தாலும் நெகட்டிவ் நோயாளியின் உடல் அதைக் கண்டுகொள்ளும். அவரே நோயாளியாகப் படுத்தால், வகை உறுதியாகும்வரை நெகட்டிவ் ரத்தம் கொடுப்பதே பாதுகாப்பு. குறிப்பாகப் பகுதி டி உள்ள பெண்களுக்கு, இல்லாத அந்தத் துண்டுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாகிவிடலாம். ஒரே மனிதர் கொடுக்கும்போது பாசிட்டிவ், வாங்கும்போது நெகட்டிவ் என்பது கேட்கக் குழப்பமாக இருந்தாலும் அதில் நியாயம் இருக்கிறது. மரபணுச் சோதனை செய்ய வசதி இருந்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

‘தங்க ரத்தம்’ உண்மையா?

உண்மை, பெயர்தான் கொஞ்சம் மிகை. ஆர்எச் நல் (Rh null) என்ற வகை அது; ‘நல்’ என்றால் ஆங்கிலத்தில் ‘எதுவும் இல்லை’. ஆர்எச் அமைப்பில் உள்ள 50க்கும் மேற்பட்ட ஆன்டிஜென்களில் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. 1961ல் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஒருவரிடம் முதலில் கண்டறியப்பட்டது. உலகம் முழுவதும் இதுவரை அறியப்பட்டவர்கள் 50 பேருக்கும் குறைவு என்று சொல்லப்படுகிறது. ஆர்எச் புரதங்கள் சிவப்பணுவின் தோலுக்குக் கட்டுமானம் போன்றவை. அவை இல்லாததால் செல்களின் வடிவம் மாறி, ஓரளவு ரத்தசோகை இருக்கும்.

இந்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றலாம் என்று பரவும் செய்தி சரியல்ல. ஏ, பி பொருத்தம் இதற்கும் உண்டு. ஆர்எச்சில் அரிய வகை கொண்டவர்களுக்கு இது உயிர் காக்கும். ஆனால் இந்த வகை மனிதர் ஒருவருக்கே ரத்தம் தேவைப்பட்டால் உலகில் அவருக்குக் கொடுக்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான்.

ஒருவரின் ரத்த வகை வாழ்நாளில் மாறுமா?

மரபணு மாறாது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்கு மட்டும் கொடையாளியின் வகை வந்துவிடும். ரத்தப் புற்றுநோயில் ஆன்டிஜென்கள் வலுவிழந்து சோதனையைக் குழப்பலாம். பெருங்குடல் புற்றுநோயிலும் சில கிருமித் தொற்றுகளிலும் ஏ வகையினரின் செல்களில் பி போன்ற ஒன்று தற்காலிகமாகத் தோன்றும்; அதை நம்பி ஏபி ரத்தம் ஏற்றினால் ஆபத்து. ஆகவே, நோய் என்ன, என்ன மருந்து எடுக்கிறார் என்பதை ரத்த வங்கிக்குச் சொல்லுங்கள். மைலோமா புற்றுநோய்க்குத் தரப்படும் டாராட்டுமுமாப் என்ற மருந்து, எல்லாப் பைகளும் பொருந்தாதவை போல் காட்டிவிடும். அது தெரியாமல் நாங்கள் மணிக்கணக்கில் தேடுவோம்.

ரத்தம் இருக்கிறது என்கிறீர்கள், ஆனால் கொடுக்க ஏன் இவ்வளவு நேரம்?

ஜன்னலில் அதிகம் ஒலிக்கும் கேள்வி. கோபம் நியாயமானதே. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் செல்களைச் சோதிக்கிறோம்: ஏ, பி, டி இருக்கின்றனவா? பிறகு எதிர்த்திசையில் பிளாஸ்மாவைச் சோதிக்கிறோம்: ஏ, பிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் முறைப்படி இருக்கின்றனவா? இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் நின்று யோசிக்க வேண்டிய இடம் அது. அடுத்தது எதிர்ப்பொருள் தேடல். ஆன்டிஜென்கள் இன்னின்னவை என்று தெரிந்த ஓ செல்களோடு நோயாளியின் பிளாஸ்மாவைக் கலந்து, 37 டிகிரியில் வைத்து, கூம்ஸ் சோதனை செய்கிறோம். கூம்ஸ், மூரன்ட், ரேஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1945ல் தந்த கொடை அது. கண்ணுக்குத் தெரியாமல் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் எதிர்ப்பொருளை அது காட்டிக்கொடுக்கும். கடைசியில்தான் கிராஸ் மேட்ச். ஏற்றப்போகிற அதே பையின் செல்கள், அதே நோயாளியின் பிளாஸ்மா.

எல்லாம் சீராக இருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஓரிடத்தில் பொத்தான் கரையாவிட்டால், எந்த எதிர்ப்பொருள் என்று கண்டுபிடிக்க மணிக்கணக்காகும். சில வேளை நாளாகும். அந்தத் தாமதம் அலட்சியம் இல்லை.

விபத்து, பிரசவ ரத்தப்போக்கு என்றால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதே?

முடியாது. உயிர் போகும் நிலையில், சோதனைகள் முடியும் முன்பே ஓ வகைச் சிவப்பணுக்களைக் கொடுப்பார்கள்; குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு ஓ நெகட்டிவ். ஏற்றத் தொடங்கும் முன் மாதிரி எடுத்துவிட வேண்டும் என்பது முக்கியம். பின்னர் எடுத்தால் இரண்டு பேரின் செல்கள் கலந்து எதுவும் தெளிவாகத் தெரியாது. அரிய வகை என்று தெரிந்தவர் தன் அட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டியது இந்த நிமிடங்களுக்காகத்தான்.

பொருந்தாத ரத்தம் ஏறினால் என்ன ஆகும்? எப்படித் தெரியும்?

ஏ, பி, ஓ பொருந்தாவிட்டால் சில மில்லி ரத்தமே போதும். நடுக்கத்தோடு காய்ச்சல், ஊசி ஏறிய நரம்பில் எரிச்சல், இடுப்பிலும் நெஞ்சிலும் வலி, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் விழுதல், சிறுநீர் கறுத்துப் போதல். பிறகு சிறுநீரகம் செயலிழக்கும், ரத்தம் உறையாமல் கசியும். நோயாளிகள் பலர் இதற்கெல்லாம் முன்பே, ‘என்னவோ சரியில்லை’ என்பார்கள். அந்தச் சொல்லைத் தட்டிக்கழிக்காதீர்கள். முதல் 15 நிமிடங்கள் செவிலியர் அருகிலேயே இருப்பது அதற்காக. சந்தேகம் வந்தவுடன் ரத்தத்தை நிறுத்த வேண்டும். ஊசியை எடுக்காமல் சலைன் ஓடவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும்.

தாமதமாக வரும் விளைவும் உண்டு. மூன்று நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் மஞ்சள் காமாலை போல் கண் மஞ்சளாகி, ஏற்றிய ரத்தத்தின் பலனே இல்லாமல் ஹீமோகுளோபின் இறங்கும். கிட் அமைப்பின் எதிர்ப்பொருள்கள் இதில் பேர்பெற்றவை. உருவாகும், பின் சோதனையில் தெரியாத அளவுக்கு மறைந்துவிடும், அடுத்த முறை ரத்தம் ஏறும்போது பெருக்கெடுக்கும். பழைய அறிக்கையைத் தூக்கி எறியாதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான். இன்றைய சோதனையில் இல்லாதது, பத்து வருடத்துக்கு முந்தைய காகிதத்தில் இருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இத்தகைய பெருந்தவறுகளில் பெரும்பங்கு அரிய வகைகளால் வருவதில்லை. ஆள் மாறாட்டத்தால் வருகிறது. ஒருவரின் மாதிரிக் குழாயில் இன்னொருவர் பெயர், ஒருவருக்கான பை இன்னொருவர் படுக்கையில். ‘நீங்கள் செல்விதானே?’ என்று கேட்டால் அரைமயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையசைப்பார். ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கேட்க வேண்டும். குழாயில் பெயர் ஒட்டுவது படுக்கையின் அருகில், ரத்தம் எடுத்த உடனே. ஏற்றும் முன் கைப்பட்டையும் பையும் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். உறவினராக நீங்களும் பையின் மேல் உள்ள பெயர், எண், வகை, காலாவதித் தேதியைப் படித்துப் பாருங்கள். செவிலியர் யாரும் தவறாக நினைக்க மாட்டார்.

என் மகனுக்கு தலசீமியா. மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

தலசீமியா, ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தசோகை. முதல் பை ஏறும் முன்பே விரிவான ஆன்டிஜென் சோதனை செய்துவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். ஏற்றத் தொடங்கிய பிறகு மற்றவர்களின் செல்கள் கலந்துவிடும். அப்போது மரபணுச் சோதனைதான் வழி. ஏ, பி, டியோடு ஆர்எச் அமைப்பின் சி, இ ஆன்டிஜென்களும் கெல்லும் பொருந்தும் ரத்தம் கேட்டுப் பெறுவது நல்லது. ஒவ்வொரு முறையும் எதிர்ப்பொருள் தேடல் செய்ய வேண்டும். முடிந்தவரை ஒரே ரத்த வங்கியில் பெறுங்கள். அங்கே பிள்ளையின் வரலாறு முழுவதும் ஒரே இடத்தில் சேரும்.

கர்ப்பிணிகளுக்கு இதில் என்ன ஆபத்து?

தாய் டி நெகட்டிவ், சிசு டி பாசிட்டிவ் என்றால், சிசுவின் செல்கள் தாயின் ரத்தத்தில் கலந்து எதிர்ப்பொருள் உருவாகலாம். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும், அடுத்த குழந்தை பாதிக்கப்படும். இதைத் தடுக்க 28ஆம் வாரத்தை ஒட்டியும், பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி டி ஊசி போடுகிறார்கள். கருச்சிதைவு, இடையில் ரத்தப்போக்கு போன்ற நேரங்களிலும் தேவைப்படும். அந்த ஊசி மருந்து மனிதர்களின் பிளாஸ்மாவிலிருந்து வருவது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் தன் 81ஆம் வயதுவரை 1,173 முறை தானம் செய்தார், 2025ல் காலமானார். அவர் முகம் அறியாத தாய்மார்கள் லட்சக்கணக்கில்.

டி பாசிட்டிவ் என்பதால் கவலையே இல்லை என்று இருந்துவிடக் கூடாது. கெல், ஆர்எச்சின் சிறிய சி போன்றவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் சிசுவைக் கடுமையாகத் தாக்கும். அவற்றைத் தடுக்க ஊசி கிடையாது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பொருள் தேடல் தேவை என்பது என் உறுதியான கருத்து.

சொந்த அண்ணன் தம்பி ரத்தமே நல்லதில்லையா?

அரிய வகைக்குத் தேடும்போது உடன்பிறந்தவர்களை முதலில் சோதிப்போம். பெற்றோர் இருவரும் பம்பாய் மரபணுவை மறைவாகச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வகை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆனால் நெருங்கிய உறவின் ரத்தத்தை அப்படியே ஏற்றக் கூடாது. அதிலுள்ள வெள்ளணுக்களை நோயாளியின் உடல் அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை குடியேறி உடலையே தாக்கும். அந்த நோய் வந்தால் பிழைப்பது மிக அரிது. பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் இதைத் தடுத்துவிடலாம். உறவினர் ரத்தம் என்றால், ‘கதிர்வீச்சு கொடுத்தாயிற்றா?’ என்று கேளுங்கள்.

அரிய ரத்தம் எங்கே, எப்படிக் கிடைக்கும்?

மருத்துவமனையின் ரத்த வங்கி வழியாகவே தேடல் தொடங்க வேண்டும். அரிய கொடையாளிகளின் பதிவேடுகள் பல நாடுகளில் உண்டு. அவற்றுக்கு மேல், பிரிஸ்டலில் பராமரிக்கப்படும் பன்னாட்டு அரிய கொடையாளர் பட்டியல் இருக்கிறது. ஒரு நாட்டின் பை இன்னொரு நாட்டுக்கு விமானத்தில் போகிறது.

சாதாரணமாக 2 முதல் 6 டிகிரியில் வைக்கும் சிவப்பணுப் பை 35 அல்லது 42 நாள்தான் தாங்கும். அரியவற்றை கிளிசரால் கலந்து மைனஸ் 65 டிகிரிக்கும் கீழே உறையவைத்தால் 10 ஆண்டுகள்வரை வைத்திருக்கலாம். உருக்கி, கிளிசராலைக் கழுவி எடுக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். கழுவிய பின் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஏற்றிவிட வேண்டும். அதனால் மருத்துவரும் நாங்களும் நேரத்தைக் கூடிப் பேசித்தான் உருக்குவோம்.

திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால், நோயாளியின் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைக்கலாம். இரும்புச் சத்து கொடுத்து ஹீமோகுளோபினை உயர்த்தலாம், ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து கொடுக்கலாம், அறுவையில் சிந்தும் ரத்தத்தைச் சேகரித்துக் கழுவி அவருக்கே திருப்பி ஏற்றலாம். ஏற்றத் தேவையில்லாமல் செய்வதே இவர்களுக்கு முதல் சிகிச்சை.

வாட்ஸ்அப்பில் வரும் ‘அரிய ரத்தம் அவசரம்’ செய்திகளை அனுப்பலாமா?

தேதியும் மருத்துவமனையும் இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள். எப்போதோ முடிந்துபோன தேவைக்கு இன்றும் கொடையாளிகள் ஓடிவருவதைப் பார்த்திருக்கிறேன். அரிய வகைக்காரர் ஒருவர் வீணாகக் கொடுத்துவிட்டால், அடுத்த உண்மையான அழைப்பு வரும்போது அவரால் கொடுக்க முடியாமல் போகும்.

என் ரத்தம் அரிய வகை என்று உறுதியாகிவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும்?

அறிக்கையின் பிரதியும் அட்டையும் எப்போதும் உடன் இருக்கட்டும். அட்டையில் ‘ஓ’ என்றில்லாமல் முழு வகையும், இருக்கும் எதிர்ப்பொருள்களும், அறிக்கை தந்த ஆய்வகத்தின் பெயரும் இருக்க வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிய வேண்டும். உடன்பிறந்தவர்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் சேருங்கள், தொலைபேசி எண் மாறினால் அன்றே தெரிவியுங்கள். உடல்நிலை இடம் கொடுத்தால் தானம் செய்யுங்கள், ஆனால் முகாமில் கூட்டத்தோடு கொடுக்காமல் அழைக்கும்போது கொடுங்கள், அல்லது உறையவைக்கும் வசதியுள்ள இடத்தில் கொடுங்கள்.

நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு ரத்தம் கொடுக்க வந்தவர், பதிவேட்டில் பெயர் கொடுத்துப் பல வருடம் யாரும் அழைக்காமல் இருந்தவர். ஒரு மாலை அழைத்தோம். இரவுப் பயணம் செய்து, விடியும் முன் எங்கள் வாசலில் நின்றார். கிராஸ் மேட்ச் குழாயை எடுத்து ஆட்டினேன். பொத்தான் கரைந்து பரவியது.